மேனேஜர் ஆனால் ஓவர்டைம் போய்விடுமா?

அமெரிக்காவின் ஃபேமிலி டாலர் கடைகளில் ஸ்டோர் மேனேஜர் செய்த வேலைகளைக் கேட்டால், அவரை மேனேஜர் என்று சொல்லவே மனம் வராது. லாரி வந்தால் பெட்டிகளை இறக்குவார். பெட்டிகளைப் பிரித்துச் சரக்கை அலமாரியில் அடுக்குவார். கூட்டம் சேர்ந்தால் கல்லாவில் நின்று பில் போடுவார். கடையைக் கூட்டித் துடைப்பதும் அவர்தான். வாரத்துக்கு 60 மணி நேரம், 70 மணி நேரம் என்று வேலை நீளும். அதில் 80 முதல் 90 சதவீதம் இப்படி உடலுழைப்பிலேயே கழிந்தது என்று நீதிமன்றத்தில் சாட்சியங்கள் வந்தன. 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததற்கு ஒரு சென்ட்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அவர் சம்பளக்காரர், நிர்வாகி, ஆகவே ஓவர்டைம் கிடையாது என்பது நிறுவனத்தின் வாதம்.

1,424 ஸ்டோர் மேனேஜர்கள் சேர்ந்து நடத்திய அந்த வழக்கில் அலபாமா ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. 2008 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறுவனம் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 3 கோடியே 56 லட்சம் டாலர். அதில் பாதி, தராமல் விட்ட ஓவர்டைம். மறு பாதி, தராமல் விட்டதற்கான இழப்பீடு.

அமெரிக்க கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேரும் பலருக்கு ஆஃபர் லெட்டரில் இரண்டு விவரங்கள் இருக்கும். ஒன்று, அவர் எந்த கிரேடு, எந்த பேண்ட் என்பது. மற்றொன்று, அவர் 'எக்ஸெம்ப்ட்' ஊழியரா, 'நான் எக்ஸெம்ப்ட்' ஊழியரா என்பது. முதலாவதை கம்பெனி தன் வசதிக்கு வகுத்துக்கொள்கிறது. இரண்டாவதைத் தீர்மானிப்பது சட்டம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் எத்தனையோ பேர் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 'எனக்குச் சம்பளம்தானே, மணிக்கூலி இல்லையே, எனக்கு எப்படி ஓவர்டைம் வரும்?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சம்பளமாக வாங்குவது மட்டுமே ஓவர்டைமைப் பறித்துவிடாது. இதைத் தெரிந்துகொள்வதற்கு 1938-க்குப் போக வேண்டும்.

25 சென்ட்டில் தொடங்கிய சட்டம்

பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே 1938 ஜூன் 25 அன்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 'நியாயமான தொழிலாளர் தரச் சட்ட'த்தில் கையெழுத்திட்டார். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. வாரத்துக்கு 44 மணி நேரம். அது படிப்படியாகக் குறைந்து 1940-ல் 40 ஆனது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. கூடுதல் வேலை வாங்குவதை விலையுயர்ந்ததாக ஆக்கிவிட்டால், இருப்பவரையே கசக்கிப் பிழியாமல் இன்னொருவருக்கு வேலை கொடுப்பார்கள் என்று சட்டம் எதிர்பார்த்தது.

அதே சட்டத்தில் ஒரு விலக்கும் வைத்தார்கள். உண்மையான நிர்வாகிகள், உயர் அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்கள், தொழில்முறை வல்லுநர்கள், வெளியில் அலைந்து விற்பனை செய்பவர்கள் ஆகியோருக்கு ஓவர்டைம் விதி பொருந்தாது. இப்படி விலக்கப்பட்டவரே 'எக்ஸெம்ப்ட்'. மற்ற எல்லோரும் 'நான் எக்ஸெம்ப்ட்'. சட்டத்தின் இயல்பான நிலை இரண்டாவதுதான். ஒருவர் முதல் வகை என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

நிரூபிப்பதற்குப் பொதுவாக மூன்று சோதனைகள் உண்டு. முதலில், சம்பளம் நிலையானதாக இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் வேலை குறைந்தது, அரை நாள் சீக்கிரம் போனார் என்று பிடித்தம் செய்யக் கூடாது. இரண்டாவதாக, அந்தச் சம்பளம் அரசு வைத்த வரம்பை எட்ட வேண்டும். மூன்றாவதுதான் கடினமானது: அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்? நிர்வாகி என்றால் நிர்வாகமே முக்கிய வேலையாக இருக்க வேண்டும். முழுநேர ஊழியர் இரண்டு பேரையாவது மேய்க்க வேண்டும். ஆளெடுப்பதிலும் நீக்குவதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். அலுவலகப் பொறுப்பு என்றால் முக்கியமான விஷயங்களில் சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை இருக்க வேண்டும். மேலே இருந்து வந்த படிவத்தை நிரப்புவது அதில் சேராது. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் ஆகியோருக்குச் சம்பள வரம்பே கிடையாது. அவர்களுடைய தொழிலே போதும்.

விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது இந்த மூன்றில் எங்கும் இல்லை.

வரம்பு என்னும் இழுபறி

இரண்டாவது சோதனையான சம்பள வரம்பு அமெரிக்க அரசியலின் நிரந்தரச் சண்டைகளில் ஒன்று. 1975-ல் வைத்த தொகையை 2004 வரை, 29 ஆண்டுகள், யாரும் தொடவில்லை. விலைவாசி ஏற ஏற அந்த வரம்பு அர்த்தமே இல்லாமல் போனது. 2004-ல் வாரம் 455 டாலர் என்றார்கள். ஒபாமா அரசு 2016-ல் அதை 913 டாலராக்க முயன்றது. அமலுக்கு வர ஒன்பது நாள் இருக்கையில் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் தடை போட்டார். டிரம்ப் அரசு கொண்டுவந்த 684 டாலர் வரம்பு 2020 ஜனவரியில் அமலானது. பைடன் அரசு 2024 ஜூலையில் 844 ஆக்கி, 2025 ஜனவரியில் 1,128 ஆக்கவிருந்தது. 2024 நவம்பரில் மறுபடியும் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று மொத்தத்தையும் ரத்து செய்தது. கணக்கு 684-க்கே திரும்பிவிட்டது. ஆண்டுக்கு 35,568 டாலர்.

இந்த எண் ஒரு மனிதரை என்ன செய்கிறது என்று போட்டுப் பார்க்கலாம். வாரம் 684 டாலர் வாங்கும் ஒருவர் 40 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 17 டாலர் 10 சென்ட். அவரை 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று அழைத்து 60 மணி நேரம் வேலை வாங்கினால், அதே பணம் மணிக்கு 11 டாலர் 40 சென்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. அவரையே மணிக்கு 17.10 வாங்கும் நான் எக்ஸெம்ப்ட் ஊழியராக வைத்திருந்தால், கூடுதல் 20 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வீதம் 513 டாலர் சேர்ந்து அந்த வாரச் சம்பளம் 1,197 ஆகியிருக்கும். பதவிப் பெயரை மாற்றினால் வாரத்துக்கு 513 டாலர் மிச்சம் என்றால், எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

துறுதுறுத்ததற்குச் சான்று இருக்கிறது. ஹார்வர்டு, டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலை விளம்பரங்களை அலசி 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சம்பளம் 455 டாலர் வரம்பைத் தொட்டவுடனே, மேனேஜர் போன்ற பெயர்கள் 485 சதவீதம் பெருகுவதை அவர்கள் கண்டார்கள். கம்பளத்தை ஷாம்பூ போட்டுக் கழுவுபவர் அதற்கு 'மேனேஜர்'. வரவேற்பு மேசையில் இருப்பவர் 'டைரக்டர்'. இப்படிக் கொடுக்காமல் விடப்படும் ஓவர்டைம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் என்பது அவர்கள் மதிப்பீடு. எல்லாமே சிறிய சம்பளக்காரர்களின் உழைப்பு நேரம். பெரிய பதவி கொடுத்ததாக அவர்களை மகிழ்வித்தே இது நடந்திருக்கிறது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

சம்பளம் பெரிதாக இருந்தாலே போதும் என்பதும் சரியில்லை. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்த மைக்கேல் ஹியூயிட் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். 28 நாள் கடலில், 28 நாள் வீட்டில். கடலில் இருக்கும்போது வாரம் 84 மணி நேரம் வேலை. நிறுவனம் அவருக்கு நாள் கணக்கில் சம்பளம் கொடுத்தது: எத்தனை நாள் வேலையோ அத்தனை நாளுக்குப் பணம். இது நிலையான சம்பளம் ஆகாது, எனவே அவர் எக்ஸெம்ப்ட் அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. லட்சக்கணக்கில் வாங்குபவருக்கா ஓவர்டைம் என்று கேட்டவர்கள் உண்டு. சட்டம் எழுதியிருப்பது அப்படித்தான்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு தனிக் கதவு

நம் பிள்ளைகள் அதிகம் இருக்கும் துறைக்கு அமெரிக்கச் சட்டம் தனியாக ஒரு விலக்கு வைத்திருக்கிறது. மென்பொருள் வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சிஸ்டம் அனாலிசிஸ் செய்பவருக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்தாலும் ஓவர்டைம் தர வேண்டியதில்லை. மணிக்கு 27 டாலர் 63 சென்ட் இருந்தால் போதும். கன்சல்டன்சி வழியாகப் போய் மணிக்கணக்கில் பில் ஆகும் பலர் 50 மணி நேரம் உழைத்தும் ஒன்றரை மடங்கு வராததற்குக் காரணம் இதுதான். 27.63 எங்கிருந்து வந்தது? 1990-ல் அன்றைய குறைந்தபட்சக் கூலியின் ஆறரை மடங்கு என்று வைத்தார்கள். 1996-ல் மடங்கை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சட்டத்தில் உறையவைத்தார்கள். அன்றைய கூலி 4.25 டாலர், இன்றைய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி 7.25. பழைய மடங்கு நீடித்திருந்தால் வரம்பு 47 டாலரைத் தாண்டியிருக்கும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இதைவிட உயர்ந்த வரம்புகளைத் தாங்களே வைத்திருக்கின்றன. மாநிலச் சட்டம் ஊழியருக்குச் சாதகமாக இருந்தால் அதுவே செல்லும்.

இந்தக் கதவு வழியாக எல்லோரையும் தள்ளிவிடவும் முடியாது. ஹெல்ப் டெஸ்க்கில் டிக்கெட் பார்ப்பவர், கணினியைப் பழுது பார்ப்பவர் இந்த விலக்குக்குள் வரமாட்டார். ஐ.பி.எம். நிறுவனம் தொழில்நுட்ப ஊழியர்களின் ஓவர்டைம் வழக்கை 2006-ல் ஆறரைக் கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. வீடியோ கேம் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ஓவியக் கலைஞர்களுக்கும் நிரலாளர்களுக்குமாக இரண்டு வழக்குகளில் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது.

ஐ.பி.எம். அடுத்துச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2008-ல் சுமார் 7,600 பேரை ஓவர்டைம் பெறும் வகைக்கு மாற்றியது. கூடவே அவர்களுடைய அடிப்படைச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தது. ஓவர்டைம் சேர்ந்தால் மொத்தம் சரியாகிவிடும் என்றது. ஓவர்டைம் கிடைக்காத வாரத்தில் என்ன செய்வது என்று ஊழியர்கள் கொதித்தார்கள். சட்டம் கொடுத்த உரிமை சம்பள வெட்டாக வீட்டுக்கு வந்தது.

நான் எக்ஸெம்ப்ட் என்றால் தரம் இறங்கிவிட்டதாக நினைக்கும் கௌரவப் பிரச்சினையும் உண்டு. டைம்ஷீட் போடுவதைக் கேவலமாக நினைப்பவர்கள் ஏராளம். அந்த வெட்கத்தால் லாபம் அடைவது யார் என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

பேண்ட் எப்படிப் பிறக்கிறது?

இனி ஆஃபர் லெட்டரின் முதல் விவரமான கிரேடு, பேண்டுக்கு வருவோம். எட்வர்ட் ஹே என்பவர் 1943-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஆலோசனை நிறுவனம், ஒரு வேலையை மூன்று கேள்விகளால் எடை போடும் முறையைப் பரப்பியது. எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? எவ்வளவு சிக்கலைத் தீர்க்க வேண்டும்? எவ்வளவுக்குப் பொறுப்பு? ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டி, நெருங்கிய புள்ளிகள் உள்ள வேலைகளை ஒரே கிரேடில் வைப்பார்கள். மார்க்கெட்டில் அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று சர்வே வாங்கி, அதன் நடு எண்ணை கிரேடின் நடுப்புள்ளியாக வைப்பார்கள். அதற்கு மேலும் கீழும் 20 சதவீதம் விரித்தால் ஒரு பேண்ட்.

நடுப்புள்ளி ஒரு லட்சம் டாலர் என்றால் பேண்ட் 80,000 முதல் 1,20,000 வரை. 85,000 வாங்குபவர் நடுப்புள்ளியில் 85 சதவீதத்தில் நிற்கிறார். ஹெச்.ஆர். திரையில் அவர் பெயருக்கு நேரே 0.85 என்று இருக்கும். ஆண்டு இறுதியில் இரண்டு பேர் ஒரே ரேட்டிங் வாங்கியும் ஒருவருக்கு 5 சதவீதம், இன்னொருவருக்கு 2 சதவீதம் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் இந்த எண்தான் காரணம். கீழே நிற்பவரை மேலே இழுப்பார்கள். உச்சியை நெருங்கியவருக்கு உயர்வு வற்றிவிடும். உச்சியைத் தாண்டிவிட்டால் சிவப்பு வட்டம். சம்பளம் அப்படியே நிற்கும், கிடைத்தால் ஒருமுறைத் தொகை. பல ஆண்டு நன்றாக உழைத்தும் உயர்வு வரவில்லையே என்று புழுங்குபவருக்கு, குறை தன்னிடம் இல்லை, கூரை இடிக்கிறது என்பது தெரிவதே இல்லை. அடுத்த கிரேடுக்கு ஏறுவதுதான் அங்கே ஒரே வழி.

அரசு வேலையில் இது ரகசியமே அல்ல. அமெரிக்க மத்திய அரசின் பொது அட்டவணையில் 15 கிரேடு, ஒவ்வொன்றிலும் 10 படி. முதல் படியிலிருந்து பத்தாவது படிக்கு வழக்கமாக 18 ஆண்டு. அட்டவணை யாரும் பார்க்கும்படி கிடக்கிறது. நம்மூரில் ஏழாவது ஊதியக்குழுவின் பே மேட்ரிக்ஸை அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். தனியார் கம்பெனியில் மட்டும் அது பூட்டிய அலமாரிக்குள் போனது.

பூட்டு என்ன செய்யும் என்பதற்கு லில்லி லெட்பெட்டர் சாட்சி. 1979-ல் அலபாமாவின் கேட்ஸ்டன் ஊரில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் சேர்ந்து ஏரியா மேனேஜர் ஆனவர். ஓய்வு பெறும் வேளையில், யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டை அவருக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அவருடைய சம்பளமும், அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளமும் அதில் இருந்தன. நீதிமன்றப் பதிவின்படி 1997 இறுதியில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த 15 ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286. அதிகம் வாங்கியவருக்கு 5,236. ஜூரி அவருக்கு நஷ்ட ஈடு கொடுத்தது. ஆனால் பாகுபாடான சம்பள முடிவு எடுக்கப்பட்ட 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளிவிட்டது. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் புகார் செய்வது? 2009 ஜனவரியில் அதிபர் ஒபாமா முதன்முதலாகக் கையெழுத்திட்ட சட்டம் லெட்பெட்டர் பெயரில் வந்தது. ஒவ்வொரு குறைந்த சம்பளக் காசோலையும் புதிய பாகுபாடு என்றது அது. லெட்பெட்டருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் காலமானார்.

பூட்டு இப்போது கழன்றுவருகிறது. 2021 ஜனவரியில் கொலராடோ மாநிலம் வேலை விளம்பரத்திலேயே சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்ற வரம்பைப் போட வேண்டும் என்றது. 2022 நவம்பரில் நியூயார்க் நகரம். 2023 தொடக்கத்தில் கலிஃபோர்னியா, வாஷிங்டன். பிறகு இல்லினாய்ஸ், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ். சில கம்பெனிகள் வரம்பைப் போட்டும் போடாத மாதிரி செய்தன. 2023-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு செயற்கை நுண்ணறிவு வேலைக்கு 3 லட்சம் முதல் 9 லட்சம் டாலர் வரை என்று விளம்பரம் செய்தது. அவ்வளவு அகலமான வரம்பை வைத்துக்கொண்டு யாராலும் பேரம் பேச முடியாது. ஆனாலும் முன்பு எதுவுமே தெரியாமல் இன்டர்வியூவில் உட்கார்ந்தவருக்கு இன்று கையில் ஓர் எண்ணாவது இருக்கிறது.

ஹெச்-1பி விசாவில் போகிறவர்களுக்கு வேறொரு எண்ணும் உண்டு. அவர்களுக்காக முதலாளி தாக்கல் செய்யும் தொழிலாளர் விண்ணப்பத்தில் நான்கு ஊதிய நிலைகள் இருக்கின்றன. முதல் நிலை, அந்த ஊரில் அந்த வேலைக்கான சம்பளங்களில் 17-ஆவது சதமானத்தை ஒட்டியது. இரண்டாவது 34, மூன்றாவது 50, நான்காவது 67. அதாவது முதல் இரண்டு நிலைகளும் நடு எண்ணுக்குக் கீழே. 2019-ல் சான்றளிக்கப்பட்ட ஹெச்-1பி பணிகளில் 60 சதவீதம் அந்த இரண்டு நிலைகளிலேயே இருந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. விசாவுக்கான குலுக்கலில் உயர்ந்த நிலைக்குக் கூடுதல் வாய்ப்பு தரும் திட்டத்தை அமெரிக்க அரசு 2025 செப்டம்பரில் முன்மொழிந்ததும், அதுவரை யாரும் கவனிக்காத இந்த நிலை எண் பெரிய பேச்சானது. அந்த விண்ணப்பத்தின் நகலை ஊழியரிடம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. பத்து ஆண்டு அனுபவத்தோடு போகிறவர் அதில் 'நிலை 1' என்று பார்த்தால், ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை.

பதவிப் பெயரா, செய்யும் வேலையா என்ற கேள்வி இந்தியாவிலும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 2015-ல் வேலை இழந்த சென்னை மென்பொருள் ஊழியர் ஒருவர், தானும் சட்டப்படி தொழிலாளியே என்று வழக்காடினார். அவர் மேனேஜர் நிலையில் இருந்தவர் என்றது நிறுவனம். அவர் செய்தது தொழில்நுட்ப வேலை என்று கண்ட சென்னை தொழிலாளர் நீதிமன்றம், 2022-ல் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் கண்காணிப்பாளரையும் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. இந்தத் தொகைக்கு மேல் வாங்கும் டீம் லீடர்கள் ஒவ்வொருவரும் கண்காணிப்பாளர்தானா, இல்லையா என்ற வழக்குகள் இனி வரத்தான் போகின்றன.

அமெரிக்காவில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன? எக்ஸெம்ப்ட் என்று எழுதப்பட்ட ஊழியரின் வேலை நேரத்தை நிறுவனம் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. பிறகு அந்த வகைப்படுத்தல் தவறு என்று தெரிந்தால், எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதற்கு அவர்களிடம் கணக்கே இருக்காது. மிச்சிகனில் மவுன்ட் கிளெமென்ஸ் என்ற ஊரின் மண்பாண்டத் தொழிற்சாலை ஊழியர்கள் நடத்திய வழக்கில் 1946-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லிவிட்டது. முதலாளி பதிவேடு வைக்கத் தவறியிருந்தால், ஊழியர் காட்டும் நியாயமான ஆதாரமே செல்லும். அதை மறுப்பது முதலாளியின் பாடு. தினமும் எப்போது லாகின் செய்தோம், எப்போது முடித்தோம், ஞாயிற்றுக்கிழமை யார் அழைத்தார்கள் என்று சொந்த டைரியில் தேதி போட்டுக் குறித்து வைத்தால், அது ஆதாரம். விசாவில் இருப்பவருக்கும் 1938-ன் மத்தியச் சட்டம் பொருந்தும். புகார் செய்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தின் காலவரம்பு கறாரானது. வழக்குப் போடும் நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு ஆண்டு, தெரிந்தே செய்த தவறென்றால் மூன்று ஆண்டு. அதற்கு முந்தைய வாரங்களின் பணத்தை அதன்கீழ் கேட்க முடியாது.